பத்தொன்பதாவது பூ

எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும் மதினி அந்த ஊர்த் தண்ணீரைப் பற்றித்தான் சொல்வார். காசி எப்படி மதினி என்றால், அங்கே பருப்பு சீக்கிரம் வெந்துவிடும் என்பார். ராமேஸ்வரமா, குழாய்த் தண்ணீரில் காப்பி போட்டால் பால் திரிந்துவிடும், வெளியே வாங்க வேண்டும். மைசூரைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை கூடப் பேசுவார். என்ன விசேஷம் என்று விசாரித்தால், அங்கே அரிசி ஒரே கொதியில் மலர்ந்துவிடுமாம். அரண்மனை எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லா இருக்குன்னு சொன்னாங்க" என்றார்.

சொன்னது நாங்கள்தான். அவரும் எங்களோடு வந்தவர்தான். நாங்கள் அரண்மனையில் வாயைப் பிளந்துகொண்டு நின்ற நேரத்தில் அவர் நாங்கள் தங்கியிருந்த மண்டபத்தின் பின்கட்டில் சாம்பார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக் கடை. கடை சிறிசு, வாய் பெரிசு என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொன்ன கையோடு அந்தப் பக்கம் நகர்ந்தும் விடுவார், அது அவருக்கு நல்லது. வருஷா வருஷம் பள்ளிக்கூட லீவு விட்டதும் தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு பதினெட்டுப் பேராக டூர் கிளம்புவது என் வழக்கம். பக்கத்து ஊர் என்றால் திண்டுக்கல்லில் ஒரு சின்ன பஸ் பிடிப்போம், தூரம் என்றால் ரயில். எங்கள் ஆட்களுக்கு ஊர் சுற்ற ஆசை உண்டு, வெளியூர்ச் சாப்பாடு மட்டும் ஆகாது. அதனால் அரிசி, பருப்பு, அடுப்பு, குண்டான் எல்லாம் கூடவே வரும். சமைக்க மதினி வருவார். எட்டு வருஷம் வந்தார். இதெல்லாம் கொரோனாவுக்கு முந்திய கதை.

நெய்க்காரப்பட்டிப் பக்கம் பிறந்தவர், திண்டுக்கல்லில் வாக்கப்பட்டவர். எங்கள் ஊர்ப் பக்கம் அத்தனை வருஷம் இருந்தும் பேச்சில் அந்தக் கொங்கு "ங்க" போகவில்லை. கணவர் காலமாகி வெகுநாள். ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருந்தார். கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போவார், எங்களோடு டூர் வருவார். ஒட்டிய உடம்பு, தோளில் எப்போதும் ஒரு துண்டு. கரண்டி பிடித்துப் பிடித்து வலது மணிக்கட்டு இடதைவிடத் தடித்துப் போயிருக்கும். எல்லாருக்கும் அவர் மதினி. அறுபது வயதுக்காரரும் மதினி என்றார், அவருடைய பேத்தியும் மதினி என்றாள். என்னை அவர் கடக்காரம்மா என்று கூப்பிடுவார்.

யாருக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குச் சொல்லாமலே தெரியும். என் வீட்டுக்காரர் ரசத்தைக் குடித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். அவர் இலைக்கு முன்னால் உட்காரும்போதே டம்ளர் வந்துவிடும். எங்களோடு தவறாமல் வருகிற நிலக்கோட்டைப் பூக்கடைக்காரருக்கு தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இரண்டாம் தடவை வேண்டும், கேட்க வெட்கம். மதினி வேறு யாரிடமோ பேசிக்கொண்டு போகிறவர் மாதிரிப் போய் ஒரு கரண்டி வைத்துவிட்டு நகர்வார். எனக்குச் சர்க்கரை வியாதி. பாயசம் வைக்கிற நாளில் எனக்கு மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தில், வெல்லம் பேருக்குப் போட்டு, தனியாக எடுத்து வைத்திருப்பார். நாலு பேர் முன்னால் கொடுக்க மாட்டார். என் அம்மா இறந்த வருஷம் நான் டூரில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் எல்லாரும் கோயிலுக்குப் போன பிறகு, என் பக்கத்தில் மோர்ச்சோறும் சுட்ட அப்பளமும் கொண்டுவந்து வைத்தார். சாப்பிடுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. நான் சாப்பிடுகிற வரைக்கும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஆனால் அவருக்கு என்ன வேண்டும் என்பது ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாரும் எழுந்த பிறகு, நின்றுகொண்டே, குண்டானில் மிஞ்சியதைச் சாப்பிடுவார். உங்களுக்கு என்னதான் பிடிக்கும் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். எல்லாம் பிடிக்கும் என்றார். எல்லாம் பிடிக்கும் என்கிறவர்களிடம் அதற்கு மேல் என்ன பேசுவது? பஸ்ஸில் எந்தச் சீட்டில் உட்காருகிறீர்கள் என்றால், உங்களுக்கு எது தோதோ அது என்பார். தோது பார்த்துப் பார்த்து அவரை எப்போதும் கடைசிச் சீட்டில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு இருப்பானேன். டூர் முடிந்ததும் வருஷா வருஷம் அவருக்கு ஒரு சேலை கொடுப்பேன். முதல் வருஷம் நாலு சேலையை விரித்துப் போட்டு, எது வேண்டும் எடுங்கள் என்றேன். "நீங்களே ஒன்னு எடுத்துக் குடுங்க" என்றார். சரி என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வருஷமும் அதே பதில். மூன்றாம் வருஷத்திலிருந்து நான் நாலு சேலையை விரிப்பதையே விட்டுவிட்டேன். கடையில் எது போகாமல் கிடக்கிறதோ, யாரும் கையில் எடுத்துப் பார்க்காத அந்தச் சேற்று நிறம், அந்த வெளிறின பச்சை, அதுதான் அவருக்குப் போனது. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அடுத்த டூருக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு வருவார். எனக்கும் அப்போது ஒன்றும் உறுத்தவில்லை, அதுதான் உண்மை.

ஒன்பதாவது வருஷம் பூக்கடைக்காரர் புதிதாக ஒரு பேச்சை எடுத்தார். இந்தியாவைத்தான் பார்த்தாயிற்றே, இந்தத் தடவை நாலு நாள் வெளிநாடு போனால் என்ன என்றார். எல்லாருக்கும் ஆசை பற்றிக்கொண்டது. வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு வாரம் ஒரே ஊர்ச் சண்டை. ஒருத்தர் துபாய் என்றார். மே மாதத்தில் துபாயா, திண்டுக்கல் வெயில் உங்களுக்குப் பத்தவில்லையா என்று நான் எழுதிய பிறகு அவர் பேச்சு இல்லை. ஒருத்தர் பாங்காக் என்றார். அவர் வீட்டம்மாவே அதை முடித்து வைத்தார். சிங்கப்பூர் கைக்கு எட்டாது என்று விட்டோம். கடைசியில் இரண்டு ஊர் நின்றன. மதுரையில் விமானம் ஏறினால் கொழும்பு, திருச்சியில் ஏறினால் கோலாலம்பூர்.

நான் கொழும்புக் கட்சி. எனக்குத் தெரிந்தவர் ஒருவர் மூலமாக அங்கே ஒரு முழு வீடு வாடகைக்குக் கிடைப்பதாக இருந்தது, பெரிய சமையலறையோடு. நாலு நாளும் மதினி சமைத்துவிடுவார். ஏறினதும் தெரியாது, இறங்கினதும் தெரியாது, நம் ஊர் மாதிரியே இருந்துவிட்டு வரலாம். மதினியின் டிக்கெட்டை எல்லாரும் சேர்ந்து போட்டுவிடலாம், பாஸ்போர்ட்டுக்கு நானே அலைந்து எடுத்துக் கொடுக்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். பூக்கடைக்காரர் கோலாலம்பூர்க் கட்சி. நம் ஊர் மாதிரியே இருக்க வேண்டும் என்றால் நம் ஊரிலேயே இருந்துவிடலாமே, எதற்கு விமானம் என்பது அவர் கேள்வி. அங்கே ஹோட்டலில் தங்குவது. காலைச் சாப்பாடு ஹோட்டலிலேயே, மற்றதுக்குத் தமிழர் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அறையில் சமைக்க முடியாது, விட மாட்டார்கள். அதாவது கோலாலம்பூர் என்றால் மதினி இல்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மாடியில் எல்லாரும் கூடினோம். எங்கள் பக்கம் எந்தக் காரியத்துக்கும் சாமியிடம் பூப் போட்டுக் கேட்பது உண்டு, கிணறு வெட்டுவதிலிருந்து பெண் கொடுப்பது வரைக்கும். ஊர் சுற்றுவதற்கெல்லாம் சாமியைத் தொந்தரவு செய்ய வேண்டாம், மனுஷர்களே பூப் போடட்டும் என்றார் பூக்கடைக்காரர். ஒரு தட்டு நிறைய மல்லிகை, ஒரு தட்டு நிறையக் கனகாம்பரம் கொண்டுவந்திருந்தார். மல்லிகை கொழும்பு, கனகாம்பரம் கோலாலம்பூர். இரண்டிலும் ஒவ்வொன்றைக் கைக்குள் மூடிக்கொண்டு, தூக்குவாளிக்குள் கையை விட்டு ஒன்றை மட்டும் போட வேண்டும். சண்டை சச்சரவு இல்லை. என் வீட்டுக்காரர் எந்தப் பூவைப் போட்டார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் சந்தேகம் உண்டு.

வாளியைக் கவிழ்த்து எண்ணினோம். மல்லிகை ஒன்பது, கனகாம்பரம் ஒன்பது.

நான் திரும்ப எண்ணச் சொன்னேன். திரும்ப எண்ணினாலும் ஒன்பதும் ஒன்பதும்தான். அப்போது பூக்கடைக்காரர் நிதானமாக, பத்தொன்பது பேரில் ஒருத்தர் இன்னும் போடவில்லையே என்றார். என் நோட்டில் பதினெட்டுப் பெயர்தான் இருக்கிறது என்று நோட்டை நீட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை, மாடிப்படியைப் பார்த்தார். மதினி கீழே எங்களுக்குப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார்.

எட்டு வருஷமாகப் பத்தொன்பது பேர் போய்ப் பத்தொன்பது பேர் வந்திருக்கிறோம். என் நோட்டில் ஒரு வருஷம்கூடப் பத்தொன்பது இல்லை. அந்த நேரத்தில் நான் வெட்கப்பட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். வெட்கமெல்லாம் படவில்லை. ஆகா, நம் கட்சிக்கு ஓர் ஓட்டு கிடைத்தது என்றுதான் நினைத்தேன். கொழும்பு என்றால் அவர் விமானம் ஏறலாம், கோலாலம்பூர் என்றால் வீட்டில் இருக்க வேண்டும். யார்தான் தன் டிக்கெட்டைத் தானே கிழித்துக்கொள்வார்கள்?

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார். விஷயத்தைச் சொன்னோம். எதிர்பார்த்தது போலவே, நீங்களே ஒன்றைப் போட்டுவிடுங்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் மல்லிகைத் தட்டுப் பக்கம் கையை நீட்டியும் விட்டேன். பூக்கடைக்காரர் விடவில்லை. "அதெல்லாம் ஆகாது மதினி. உங்க கையாலதான் போடணும்" என்றார்.

மதினி இரண்டு தட்டுக்கும் நடுவில் செத்த நேரம் நின்றார். இப்போது நினைத்தாலும் அந்த நிற்றல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் குனிந்து ஒரு கனகாம்பரத்தை எடுத்தார். வாளிக்குள் போட்டார். பணியாரம் கருகிவிடும் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

ஜெயித்தவர்கள்கூடக் கைதட்டவில்லை. எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம். நாங்கள் என்ன குறை வைத்தோம்? எங்களோடு வரப் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லியிருக்கலாமே, இப்படிச் சபையில் காட்ட வேண்டுமா? அன்று அவர் சுட்ட பணியாரத்தை நான் தொடவில்லை. அவருக்கு அதில் வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன், அதற்காகத்தான் தொடவில்லை.

மறுநாள் காலையில் கடை திறந்து விளக்கேற்றுகிற நேரத்துக்கு அவரே வந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை. வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். எட்டு வருஷம் கூடவே வைத்திருந்தேனே, கொழும்புக்குப் பைசாச் செலவில்லாமல் கூட்டிப்போக இருந்தேனே, ஒரு பூவில் எல்லாத்தையும் கெடுத்தீர்களே என்றேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். எல்லாம் தீர்ந்து நான் மூச்சு வாங்கின பிறகுதான் பேசினார்.

"கொழும்புக்குப் போனா நான் கொழும்பப் பாக்க மாட்டேனுங்க கடக்காரம்மா. அங்கயும் அடுப்பத்தான் பாப்பேன்."

நான் எழுந்து போய் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டேன்.

அவரே மெதுவாகச் சொன்னார். காசிக்கு எங்களோடு மூன்று தடவை வந்திருக்கிறார். மூன்று தடவையும் விடிவதற்கு முன்னால், அடுப்புப் பற்ற வைப்பதற்கு முன்னால், அவசர அவசரமாக ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவார். கங்கையை இதுவரைக்கும் வெளிச்சத்தில் பார்த்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கடைக்கு வந்த இடத்தில் துணி விலை கேட்பது போல, சாதாரணமாகத்தான் சொன்னார். சமையல் செய்கிறவரைக்கும் எந்த ஊரும் தனக்கு ஒரே ஊர்தான் என்றார்.

அப்படியானால் கோலாலம்பூருக்கும் நீங்கள் வர முடியாதே மதினி என்றேன்.

"வர்றேனுங்க. என் காசுல வர்றேன். சமைக்க வரல. ஊர் பாக்க வர்றேன்."

சொல்லிவிட்டுத் தோள்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே பாஸ்போர்ட். எடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு பக்கத்திலும் ஒரு முத்திரை இல்லை. யார் எடுத்துக் கொடுத்தது என்று கேட்டேன். தானே மதுரைக்குப் போய் வரிசையில் நின்று எடுத்தாராம். வீட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர் எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, எந்த நாடானாலும் சரிங்க என்று சொல்லியிருக்கிறார். அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனாராம். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். சிரிப்பீர்கள் என்று நினைத்தேன் என்றார்.

சிரித்திருப்போம். அதில் சந்தேகமே இல்லை. சமையல்காரம்மாவுக்குப் பாஸ்போர்ட்டா என்று நானே முதல் ஆளாகச் சிரித்திருப்பேன். மூன்று வருஷம் அந்தப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு கடைசிச் சீட்டில் அரிசி மூட்டையோடு எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார். அன்று கடையில் எனக்கு அழுகை வந்தது. அழுகையை மறைக்க, உட்காருங்களேன், ஏன் நின்றுகொண்டே இருக்கிறீர்கள் என்று அதற்கும் அவரைத்தான் திட்டினேன்.

பாஸ்போர்ட்டைத் திறந்து அவருடைய பெயரைப் படித்தேன். எட்டு வருஷப் பழக்கத்தில் அன்றுதான் முதல் தடவை. அழகான பெயர். இங்கே எழுதப் போவதில்லை, அவரைக் கேட்காமல் எழுதக் கூடாது. கேட்கலாம் என்றால் ஆள் கிடைப்பதில்லை. இப்போது திருப்பூரில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார், போன் செய்தால் பாதி நேரம் ஊரில் இருக்க மாட்டார். நோட்டை எடுத்து, பதினெட்டுப் பெயருக்கும் கீழே அந்தப் பெயரை எழுதிக்கொண்டேன்.

கிளம்புகிற நாள் வந்தது. இந்த இடத்தில் நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் பெட்டியில் சேலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன எலெக்ட்ரிக் குக்கர், ஒரு கிலோ அரிசி, புளி, மிளகு, சீரகம், ரசப்பொடி எல்லாம் இருந்தன. அவசரத்துக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யார் கையை நம்பி அதையெல்லாம் சுமந்தேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பழக்கம் அவரையும் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. முதல் நாள் காலையில் ஹோட்டல் சாப்பாட்டுக் கூடத்தில், எல்லாரும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க, மதினி மட்டும் கையில் தட்டு இல்லாமல் எங்கள் பின்னால் நின்றார். என் வீட்டுக்காரருக்கு ரொட்டி தீர்ந்ததும் ஓடிப் போய் இரண்டு கொண்டுவந்து வைத்தார். உட்காருங்கள் என்று அதட்டி உட்கார வைத்தேன். உட்கார்ந்தார், நாற்காலி நுனியில். பத்துமலைக்குப் போனபோதும் முருகனை அண்ணாந்து பார்த்ததைவிட, யாருக்குக் கால் வலிக்கிறது, யாருக்குத் தண்ணீர் வேண்டும் என்று எங்களைப் பார்த்ததுதான் அதிகம். நாலு நாளும் இப்படியே ஓடிவிடும், ஊர் பார்க்க வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போகிறார் என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

இரண்டாம் நாள் காலையில் பூக்கடைக்காரரின் மனைவிக்கு வயிறு சரியில்லை. இரவெல்லாம் வாந்தி. டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கியாயிற்று, பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ரொட்டி இறங்கவில்லை, கஞ்சி இறங்கவில்லை. ரசம்சோறு ஒரு வாய் கிடைத்தால் போதும் என்றார் அந்த அம்மா. எனக்குப் பெட்டி ஞாபகம் வந்தது.

கீழே வாசலில் எல்லாரும் கிளம்பி நின்றார்கள். அன்றைக்கு நகரத்து ரயிலில் ஏறி ஊரைச் சுற்றுவதாகத் திட்டம். மதினி புதுக் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார். சேலைக்குக் கீழே அது வெள்ளையாக எட்டிப் பார்த்தது. பக்கத்தில் போய், இந்த மாதிரி, ரசம் வைக்க வேண்டும், உடம்பு சரியில்லை என்று சொல்லி ஹோட்டல்காரரிடம் அனுமதி வாங்கிவிட்டேன், எல்லாம் என்னிடம் இருக்கிறது மதினி என்றேன். கேட்டதே தப்புதான். கேட்டபோது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை, ஒருத்தர் படுத்துக் கிடக்கிறார் அல்லவா?

மதினி தோளிலிருந்து பையைக் கழற்றிச் சோபாவில் வைத்தார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெளியே பூக்கடைக்காரர், வாங்க மதினி, நேரமாகிறது என்று கூப்பிட்டார். மனைவியைப் பார்த்துக்கொள்ள அவரே இருப்பதாகத்தான் சொன்னார், நான் இருக்கிறேன் என்று நான்தான் அவரைப் போகச் சொல்லியிருந்தேன். மதினி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். புளியை வெந்நீரில் ஊறப் போடுங்கள். மிளகும் சீரகமும் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள், பொடியை மட்டும் நம்பாதீர்கள். கொதிக்க விடாதீர்கள், நுரை கட்டி மேலே வரும்போதே நிறுத்திவிடுங்கள். சோற்றைக் குழைய வேக வைத்து, முதலில் நாலு கரண்டிதான் கொடுங்கள்.

சொல்லி முடித்துப் பையை எடுத்து மறுபடி தோளில் மாட்டிக்கொண்டார்.

"நீங்களே வைங்க. வரும். நான் போயிட்டு வர்றேனுங்க" என்றார்.

போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து தானாக மூடிக்கொண்டது, நான் குக்கரை நினைத்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சமைக்கத் தெரியாது என்றில்லை. கடையே கதி என்று கிடந்ததில் இருபது வருஷமாக வீட்டுச் சமையலை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அறையில் புகை வந்தால் மணி அடிக்குமாமே என்று பயந்துகொண்டே மிளகைத் தட்ட இடிகல் இல்லாமல் டம்ளரின் அடிப்பாகத்தால் தட்டினேன். இரண்டு தடவை பொங்கி மேஜையெல்லாம் வழிந்தது. ஆனால் அந்த அம்மா நாலு கரண்டி சாப்பிட்டார், அது வயிற்றில் தங்கியது, தூங்கிவிட்டார். மத்தியானம் எழுந்து இன்னும் கேட்டார். எனக்கு அப்போது இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. தனியாக அந்த அறையில் உட்கார்ந்து, ஒருத்தர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு, வெளியே ஊர் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரியாமல் ஒரு முழுப் பகல் போயிற்று. மதினிக்கு எட்டு வருஷம் இப்படித்தான் போனது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

சாயங்காலம் வந்தார்கள். மதினி நேராக அறைக்கு வந்து படுத்திருந்தவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிக்கொண்டே பேச ஆரம்பித்தார். எட்டு வருஷத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ரயிலை ஓட்ட ஆளே இல்லையாம். முன்னால் கண்ணாடியை ஒட்டியே சீட்டு, அதில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டாராம். வீட்டு மாடிகளுக்கு மேலே போகிறது, திடீரென்று பூமிக்குள் இறங்கிவிடுகிறது. ஒரு மாடியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டு இருந்தாளாம், இவர் கையை ஆட்டியிருக்கிறார், அவளும் ஆட்டினாளாம். மற்றவர்கள் உயரமான கட்டடங்கள் இருக்கிற இடத்தில் இறங்கிப் போட்டோ எடுக்கப் போனபோது இவர் இறங்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்லி, தனியாகப் போய், சொன்னபடி வந்து சேர்ந்திருக்கிறார்.

மிச்சம் இருந்த ரசத்தைச் சூடாக்கி ஒரு டம்ளரில் ஊற்றி அவர் கையில் கொடுத்தேன். என் வாழ்நாளில் அவருக்கு நான் சமைத்துக் கொடுத்தது அது ஒன்றுதான். ஊதி ஒரு வாய் குடித்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்வார், எனக்குத் தெரியும், யார் எதைக் கொடுத்தாலும் அதைத்தான் சொல்வார்.

"புளி சாஸ்திங்க. எனக்கு இத்தன புளி ஆகாது" என்றார்.

பகல் முழுக்கப் பாடுபட்டவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அடுத்த நொடியே சிரிப்பு வந்துவிட்டது. டம்ளரை வாங்கி வெந்நீர் கலந்து கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, இப்போது பரவாயில்லை என்றார்.

மறுநாள் மத்தியானம் வரைக்கும் எங்களுக்கு வேறு திட்டம் இல்லை. ஒருத்தர் கடைவீதி என்றார், ஒருத்தர் பூங்கா என்றார், வழக்கம் போலச் சண்டை ஆரம்பித்தது. நான் எல்லாரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு, நீங்கள் சொல்லுங்கள் மதினி, நாளைக்கு எங்கே போகலாம் என்று கேட்டேன்.

அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. யோசிக்கவும் இல்லை.

"அந்த ரயில்லயே கடைசி ஸ்டேசன் வரைக்கும் போகணுங்க."

"அங்க என்ன இருக்கு மதினி?"

"தெரியலீங்க" என்றார். "அதான் போகணுங்கறேன்."